மன்னிக்காமல் இருக்கச் சம்பளம்

மும்பையில் முலுண்ட் பக்கம் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், கொடுத்த வேலையை முழுதாக முடித்துக் காட்டியதற்காக நான் ஃபெயிலானேன். அதற்கு முன்பும் ஃபெயிலானதுண்டு, காலேஜில் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில். ஆனால் அது முடிக்காமல் விட்டதால் வந்தது. முடித்ததற்காக ஃபெயிலாவது எனக்குப் புதுசு.

அது வீடியோ கேம் டெஸ்டர் வேலைக்கான பரிட்சை. ஒரு விளையாட்டு ஜனங்களின் ஃபோனுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால், அதை விளையாடிப் பார்த்து எங்கெங்கே கோளாறு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கோளாறுக்கு அந்தத் தொழிலில் பக் என்று பேர். என்னோடு காலேஜில் படித்த மராத்தித் தோழி ஒருத்தி அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே சேர்ந்திருந்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சில் நான் ஃபோனும் கையுமாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். ஆள் எடுக்கிறார்கள், உனக்கென்றே செய்த வேலை, வந்து தொலை என்று மெசேஜ் அனுப்பினாள்.

வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. விளையாடினால் சம்பளம் தருவான் என்றால் தாராவியில் பாதிப் பேர் பங்களா கட்டியிருக்க வேண்டாமா என்று கேட்டார். அவர் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் மெஷின் ஃபிட்டர். வேலை என்றால் அவருக்குக் கையில் கிரீஸ் ஒட்ட வேண்டும், அல்லது பேனா மையாவது ஒட்ட வேண்டும். நான் பட்டம் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. போன இண்டர்வியூவெல்லாம் "சொல்லி அனுப்புகிறோம்" என்ற இடத்திலேயே நின்றுபோயிருந்தன. தேவ்நாரில் அம்மாவின் தம்பி, என் மாமா, பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அங்கே பில் போட ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த நாற்காலியை மாமா எனக்காகவே காலியாக வைத்திருந்தார். பரிட்சை நடக்கிற வாரத்துக்குள் உன் விளையாட்டு வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் அதற்கடுத்த திங்கட்கிழமை மாமா கடை என்று அப்பா முடித்துவிட்டார்.

மாமா தங்கமானவர். குறை அவரிடம் இல்லை, அந்த நாற்காலியிடம்தான். அது சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்தால் அப்புறம் கல்யாணத்துக்குத்தான் எழுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே எனக்கு முன்னால் இருந்த பெண்ணை அப்படித்தான் எழுப்பினார்கள். எனக்கு அந்த வேலை வேண்டாம், இந்த வேலைதான் வேண்டும். அதுவரை எதையுமே நான் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

பரிட்சை அன்று திங்கட்கிழமை காலையில், எங்கள் தாராவிக்குப் பக்கத்தில் இருக்கிற சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். அந்த நேரத்தில் மும்பையே தெற்கே போகும். முலுண்டுக்குப் போகிற நான் வடக்கே. ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்தது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

பரிட்சைக்குக் கொடுத்த விளையாட்டில் ஒரு குட்டி எலி. முதுகில் குடை. பாழடைந்த பங்களா ஒன்றில் தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடிக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதல் ஹாலில் சாவி கிடைத்தது, ஆனால் அந்தச் சாவிக்குக் கதவு திறக்கவில்லை. சரி போ என்று அலமாரி மேல் ஏற்றி, வெண்டிலேட்டர் வழியாக அந்தப் பக்கம் குதிக்க வைத்தேன். குதிக்கிற பட்டன் ஒரு தடவை அழுத்தினால் வேலை செய்யவில்லை. இரண்டு தடவை அழுத்தினால் செய்தது. லிஃப்ட் பாதியில் நின்றது. அதிலிருந்து சரவிளக்குக்குத் தாவினேன். மாடிப்படியில் ஓரிடத்தில் தரையே எலியை விழுங்கியது, அதனால் அங்கே சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன். மொட்டைமாடிக்குப் போனதும் குடை விரிந்தது, வானத்திலிருந்து பூ கொட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மேஜைகளைப் பார்த்தேன், பரிட்சைக்கு வந்த வேறு யாருடைய எலியும் மாடிக்குப் போய்ச் சேரவில்லை. என்ன கோளாறு பார்த்தாய் என்று எழுத வேண்டிய இடத்தில், "வெரி நைஸ் கேம், நோ ப்ராப்ளம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

டெஸ்டர்களுக்கெல்லாம் தலைவி ஒரு குஜராத்தி மேடம். குட்டை முடி, ஆபீஸுக்குள்ளேயே ஹவாய் செருப்பு. என் காகிதத்தைப் படித்தார், ஸ்கிரீனில் பூ கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். எப்படிப் போனாய், இன்னொரு தடவை போய்க் காட்டு என்றார். காட்டினேன். கதவு திறக்கவில்லை என்று தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. உலகத்தில் திறக்காத கதவே இல்லையா மேடம், வேறு வழியாகப் போக வேண்டியதுதானே என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த விளையாட்டு பரிட்சைக்காகவே கெடுத்து வைத்ததாம். அதில் மொட்டைமாடிக்குப் போகவே முடியாது என்றுதான் செய்தவர்களே நினைத்துக்கொண்டிருந்தார்களாம். நாலு பேரைக் கூப்பிட்டு என் எலியை ஓட்டிக் காட்டச் சொன்னார். கை தட்டினார்கள். கை தட்டி முடித்ததும், இதற்கு மார்க் கிடையாது என்றார்.

"நீ எல்லாத் தப்பையும் மன்னிச்சு விட்டுர்றே," என்று ஹிந்தியில் சொன்னார். "இங்கே உனக்குச் சம்பளம் தர்றது மன்னிக்காம இருக்கறதுக்கு."

என்னை அப்படியே அனுப்பிவிடாமல் வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வரச் சொன்னார். கை நன்றாக இருக்கிறது, கண்தான் சந்தேகம் என்றார். என் தோழி வாசல் வரை வந்து, பக் எழுதும் முறையை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தாள். மூன்று கேள்வி. நான் என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. இதை மட்டும் பழகிக்கொண்டு வா, மற்றதை என்னிடம் விட்டுவிடு என்றாள். அவளிடம் விட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்குக் கோபம். அந்த எலி மேல் அதைவிடக் கோபம்.

ரயிலில் வரும்போது அந்த மூன்று கேள்வியையும் கையில் இருந்த ஃபோனிடம் கேட்டுப் பார்த்தேன். அது அப்பாவின் பழைய ஃபோன். மேலே இடது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு ஸ்கிரீன் செத்துப்போய், தொட்டால் அசையாது. அந்த இடத்தில் பட்டன் வந்தால் ஃபோனைத் தலைகீழாகப் பிடிப்பேன், படம் புரண்டு பட்டன் உயிரோடு இருக்கும் பக்கம் வரும். காலேஜ் முழுக்க இப்படித்தான் விளையாடினேன். தலைகீழாகப் பிடிப்பதுதான் ஃபோன் பிடிக்கும் முறை என்றே இருந்தேன். நான் என்ன செய்தேன் என்பதற்குப் பதில் இருந்தது. என்ன நடந்தது என்பதற்கும் இருந்தது. நடுவில் இருந்த கேள்விதான் சிக்கியது. என்ன நடந்திருக்க வேண்டும்? இதை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சியைத் தொடங்கினேன். எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் இரும்பு ஏணி. வாசல் தாழ்ப்பாளைத் தூக்கி, இடுப்பால் கதவை ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். குழாயைத் திறக்கிற பக்கம் திருப்பினால் மூடும். ஃபேன் ரெகுலேட்டரில் மூன்று மட்டும்தான் உண்டு, மற்ற எண்ணெல்லாம் அலங்காரம். மிக்ஸி சுவிட்சில் ஒரு தீக்குச்சி சொருகியிருக்கும். மேல் அறை விளக்குக்குச் சுவிட்ச் கீழே வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் மேலே போய்ப் படுத்த பிறகு யாராவது ஒருத்தர் கீழே குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, நான் என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று சத்தமாகச் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, பரிட்சையில் என்ன கேட்டார்கள், மந்திரமா என்றாள்.

முதல் நாள் அப்பா பொறுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் அவர் முகம் மாறியது. நான் குறை சொன்ன ஒவ்வொன்றும் அவர் செய்து வைத்த ஏற்பாடு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தீக்குச்சி அவர் யோசனை. அந்தச் சுவிட்ச் அவர் இழுத்த ஒயர். ஒன்று கெட்டுப்போனால் புதுசு வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா அதன் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பார். அப்புறம் அது ஓடும், ஆனால் முன்பு போல் ஓடாது, அதற்கென்று ஒரு கிறுக்கோடு ஓடும். அந்தக் கிறுக்கை நாங்கள் எல்லோரும் கற்றுக்கொள்வோம்.

"அது கோளாறு இல்லட்டி," என்றார் ஏணிப்பக்கம் நின்றுகொண்டு. "அதோட பழக்கம். மனுசனுக்கு இல்லியா, அது மாதிரி."

அந்த ஏணியில் நடுவில் ஒரு படி கிடையாது. எப்போதோ ஒடிந்து விழுந்தது. திருநெல்வேலியிலிருந்து யாராவது உறவுக்காரர்கள் வந்தால் முதல் நாள் கால் சறுக்கி அலறுவார்கள், இரண்டாம் நாள் தாண்டப் பழகிவிடுவார்கள், மூன்றாம் நாள் அடுத்து வருகிறவரை எச்சரிப்பார்கள். படி இல்லாதது ஒரு பழக்கமா அப்பா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வீட்டில் குடியிருக்க வந்தாயா, குற்றப்பத்திரிகை எழுத வந்தாயா என்று கத்தினார். நானும் விடவில்லை, உங்களால்தான் நான் ஃபெயில், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று வளர்த்து வைத்தீர்கள், இப்போது தப்பு கண் முன்னால் நின்றால்கூட எனக்குத் தெரியமாட்டேன் என்கிறது என்று கத்தினேன். சொன்ன பிறகு அழுகை வந்தது. அப்பா பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். மாமா கடை நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம், காய்ந்த துணியையெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மேல் அறைக்கு ஏறினேன். துணி முகத்தை மறைத்தது. மறுநாள் பரிட்சையை நினைத்துக்கொண்டு, யாரை யாரையோ மனசுக்குள் திட்டிக்கொண்டு ஏறினேன். மேலே போய்த் துணியைப் போட்டபோதுதான் தோன்றியது, நடுவில் என் கால் தானாகவே உயர்ந்து இல்லாத படியைத் தாண்டியிருந்தது. நான் பார்க்கவில்லை. நினைக்கவும் இல்லை. ஆனால் காலுக்குத் தெரிந்திருந்தது.

இறங்கி மறுபடி ஏறினேன். கால் உயர்ந்தது. வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். கை தாழ்ப்பாளைத் தொடும் முன்பே இடுப்பு கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. குழாய்க்குப் போனேன், மணிக்கட்டு தானாகத் தப்பான பக்கம் திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணுக்குத்தான் கோளாறு தெரியவில்லை. உடம்புக்கு ஒவ்வொன்றும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் கோளாறைத் தேட வேண்டியதில்லை, என் கை எங்கே வளைந்து போகிறது என்று கவனித்தால் போதும். வளைகிற இடத்தில் நின்று, ஏன் வளைந்தாய் என்று அதையே கேட்டுவிடலாம். அம்மாவிடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். பசியில் பேசுகிறேன் என்று நினைத்து அம்மா தட்டில் சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை வேறு விளையாட்டு கொடுத்தார்கள். ஏதோ ஒரு கற்பனை ஊர். ஒரு பெண் ரயிலில் ஏறி இறங்கி வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறாள். ஸ்கிரீனை ஒரு கண்ணால் பார்த்தேன், என் கட்டை விரலை இன்னொரு கண்ணால். கட்டை விரல் தயங்கினால் நிறுத்தினேன். ஓரிடத்தில் அது நேராகப் போகாமல் சுற்றிப் போனது. நிறுத்தி நேராகப் போய்ப் பார்த்தேன், அங்கே கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று நின்றது. எழுதினேன். ஓரிடத்தில் விரல் இரண்டு தடவை தட்டியது. ஒரு தடவை தட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. எழுதினேன்.

பாதி நேரம் ஆனபோது ஒன்றைக் கவனித்தேன். ரயில் வரும்போதெல்லாம் என் விரல் பார்சல் பையை எடுக்காமல் காத்திருந்தது. ரயில் நின்ற பிறகுதான் எடுத்தது. ஏன் காத்திருக்கிறாய் என்று விரலைக் கேட்டேன். ஆரம்பத்தில் ஒரு தடவை ரயில் வரும் நேரத்தில் பையை எடுத்தபோது படம் லேசாக நடுங்கியது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு நான் அறியாமலே ஒதுங்கிப் போகப் பழகிவிட்டேன். இப்போது வேண்டுமென்றே ரயில் வருகிற நேரத்தில் பையை எடுத்தேன். படம் நடுங்கியது. மறுபடி எடுத்தேன். மொத்த விளையாட்டும் உறைந்து, ஸ்கிரீன் கறுத்துப்போனது. அந்தக் கறுப்பைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்டவள் அந்த ஆபீஸில் நானாகத்தான் இருப்பேன்.

மேடம் என் காகிதத்தைப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்று, இது என்ன என்று கேட்டார். "ரயில் நின்றதும், ஏறுகிறவர்கள் ஒதுங்கி நின்று இறங்குகிறவர்களுக்கு வழி விடுகிறார்கள். இப்படி நடக்காது" என்று நான் எழுதியிருந்தேன். இது பக் இல்லை, இந்த விளையாட்டைச் செய்தவனின் ஆசை என்றார். அவன் தாணேயிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வருகிறானாம். எனக்கு அது தெரியாது, நடப்பதைத்தானே எழுதச் சொன்னீர்கள் என்றேன். நடந்திருக்க வேண்டியதையும் சேர்த்துத்தான் கேட்டேன் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பையும் ரயிலும் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. தானே செய்து பார்த்தார். கறுத்தது. இன்னொரு ஃபோனில் செய்து பார்த்தார். அதுவும் கறுத்தது. விளையாட்டு செய்கிறவர்கள் உட்காரும் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டார். ஹெட்ஃபோன் போட்ட ஒருவர் வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். இது அவர்கள் வேண்டுமென்று கெடுத்து வைத்த கோளாறு இல்லை. அங்கே யாருக்கும் தெரியாமல் நிஜமாகவே இருந்த கோளாறு. இதை எப்படிப் பிடித்தாய் என்று மேடம் கேட்டார். என் விரல் அந்த இடத்தில் ஒதுங்கியது, அதைப் பிடித்தேன் என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. திங்கட்கிழமை வந்துவிடு என்றார்.

எந்தத் திங்கட்கிழமை என்று முட்டாள் மாதிரி கேட்டேன். வருகிற திங்கட்கிழமை. மாமா கடையின் அதே திங்கட்கிழமை.

முலுண்ட் ஸ்டேஷனில் நின்று அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். கிடைத்துவிட்டது என்றேன். சாப்பிட்டியா என்றாள். கிடைத்துவிட்டதம்மா என்று மறுபடி சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், அப்படியானால் வரும்போது மாட்டுங்காவில் இறங்கி நல்ல காபித்தூள் வாங்கி வா என்றாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கொண்டாட்டம் கிடையாது. பிளாட்பாரத்தில் யார் பார்த்தால் என்ன என்று நான் ஒரு தடவை குதித்தேன். அந்த எலி மாதிரி இல்லை, ஒரு தடவையிலேயே மேலே போனேன்.

அன்றைக்கு அப்பா பட்டறையிலிருந்து வந்து செய்தியைக் கேட்டுக்கொண்டார். சரி என்றார். சண்டை இன்னும் அவர் மனசில் இருந்தது. மாமாவுக்கு ஃபோன் செய்து, நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்றார். என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் தெருமுனை டீக்கடையில், மகளுக்கு முலுண்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டு என்ற சொல்லை மட்டும் ஜாக்கிரதையாக விட்டுவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அதே ரயில் விளையாட்டு. டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பொம்மை மனிதர் கையை நீட்டுகிறார், பார்சல் கொடுக்கிற அந்தப் பெண் காசு கொடுத்தால் காசு அவர் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு கீழே விழுகிறது. இதை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், காசு அவர் கையில் நின்றது. விரலை மடக்கி வாங்கிக்கொண்டார். எனக்கு நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்ப டிக்கெட் வாங்கினேன். பக்கத்தில் இருந்த தோழி, ஊர் ஊராக எங்கே போகிறாய், இவ்வளவு டிக்கெட் எதற்கு என்று கேட்டாள். சரி செய்துவிட்டார்கள் பார் என்றேன். செய்யத்தானே செய்வார்கள், அதற்குத்தானே எழுதினாய் என்று அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். சண்டைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சொன்னா சரி பண்ணிருவாவளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். மறுநாளேவா என்றார். சில சமயம் அன்றைக்கே என்றேன். யார் சொன்னாலுமா, நீ சொன்னாலுமா என்று கேட்டார். அதில் கேலி இல்லை. தெருச் சாக்கடை மூடிக்காக வார்டு ஆபீஸுக்கு நடையாய் நடந்து, கடைசியில் பட்டறையிலிருந்து ஒரு தகரத்தைத் தூக்கி வந்து தானே மூடியவர் அவர். சொல்வதற்கும் சரியாவதற்கும் நடுவில் ஒரு தொடர்பு இருக்கும் என்பதை அவர் எந்த இடத்திலும் பார்த்ததில்லை. அதனால்தான் எதையும் சொல்லாமல் தானே குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கேள்வியில் போய்விட்டது. நான் சொன்னாலும் செய்கிறார்கள் அப்பா என்றேன். அப்பா வாய் கொள்ளாமல் சிரித்தார். நீ பெரிய ஆளுதான்ட்டி என்றார்.

அப்போது அடுப்பின் பக்கம் நின்றிருந்த அம்மா திரும்பாமலே பேசினாள்.

"அப்பம் நானும் ஒண்ணு சொல்லுதேன். இந்த அடுப்பு மேடை எனக்கு ஒசரம்."

அந்த மேடை அப்பா கட்டியது. கல்யாணமான புதிதில், கடப்பாக் கல் வாங்கி வந்து, தன் கையால், தன் உயரத்துக்குக் கட்டியது. அப்பா நல்ல உயரம். அம்மா அவர் நெஞ்சுக்குத்தான் இருப்பாள். வீட்டில் இருக்கிற கோளாறையெல்லாம் ஒன்று விடாமல் கத்திக் கத்திச் சொன்னவள் நான். இது என் கண்ணில் படவில்லை. அம்மா தோளைத் தூக்கிக்கொண்டுதான் நிற்பாள், அது அம்மா நிற்கிற விதம் என்றுதான் பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத்தன வருசமா ஏன் சொல்லல?" என்று அப்பா கேட்டார்.

"சொன்னா இடிச்சுக் கட்டுவியளோ என்னமோ," என்றாள் அம்மா. "நானே பழகிக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா சுத்தியலோடு உட்கார்ந்தார். உடைப்பதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டு மேடை பக்கத்தில் நிற்க வைத்தார். கரண்டி பிடிக்கிற மாதிரி கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். சரியா என்று கேட்டார். அம்மா சரி என்று சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கீழே என்றாள். அப்பா அழித்துவிட்டுக் கோடு போட்டார். இன்னும் கொஞ்சம் என்றாள். மறுபடி அழித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று தெரிந்திருந்தால் கல்யாணத்தன்றே ஆரம்பித்திருப்பேன் என்றாள். அப்பா பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, இன்னும் என்னென்ன இருக்கிறது, எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடு என்றார்.

சிமெண்ட் காய்கிற வரை கடையில் வாங்கிச் சாப்பிட்டோம். காய்ந்த அன்று காலையில் நான் வேலைக்குப் போக அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா புது மேடையில் தோசைக்கல்லைப் போட்டு முதல் தோசையை ஊற்றினாள். தோள் இரண்டும் கீழே இருந்தன. அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் அம்மாவின் கழுத்து அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.